ஆளுக்கு ஓர் அணி

ஒரு மனிதரின் நம்பிக்கை என் கடையில் பன்னிரண்டு வெள்ளிதான், ஃபாதர். சேலைக்கு அறுபது என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, “உங்களுக்காக மட்டும் நாப்பத்தெட்டு, வெளிய சொல்லிடாதீங்க” என்றால் போதும். அடுத்தவர் அதையே நாற்பதுக்கு வாங்கியிருப்பார். அவரும் வெளியே சொல்லமாட்டார். சிங்கப்பூரில் இந்தப் பஃபலோ ரோட்டில் முப்பது வருடமாக என் பிழைப்பு இதுதான்.

எட்மண்டோடு அவர் மகள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கேட்டதை வெளியே சொல்லாத தொழில்தானே உங்களுடையதும்.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ஒரு கால்பந்து இருக்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், அதற்குப் பெயர் கால்பந்து. டிசம்பரில் பன்னிரண்டு அணிகள் பிளேஆஃப் சுற்றுக்கு வரும். தோற்றால் வெளியே, டிரா கிடையாது. இங்கிலீஷ் லீக் என்றால் தேக்காவில் டாக்சி ஓட்டுகிறவர் எல்லாரும் பயிற்சியாளர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே இரவு ஆட்டம், இங்கே நான் கடை திறக்கும் நேரம்.

முதல் சுற்றில் ஓர் ஆட்டத்தை எடுத்து, முப்பத்திரண்டு வாடிக்கையாளர்களிடம் தனித்தனியாகச் சொன்னேன். பதினாறு பேரிடம் அரக்குச் சட்டைக்காரர்கள் ஜெயிப்பார்கள் என்று. பதினாறு பேரிடம் மாம்பழ மஞ்சள் என்று. ஒரே சேலைக்கு ஆளுக்கொரு விலை சொல்லிப் பழகிய வாய்க்கு ஆளுக்கோர் அணியைச் சொல்வது கஷ்டமில்லை. சொன்னது பொய்த்தவர்களிடம் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்தடுத்த சுற்றுகளில் மிச்சம் பதினாறை எட்டெட்டாகப் பிரித்தேன், எட்டை நாலு நாலாக, நாலை இரண்டிரண்டாக. ஜனவரியில் இறுதி ஆட்டம் முடிந்தபோது நான்கு சுற்றும் பலித்தவர்கள் இருவர். ஷமீமா, “லக் லா, வேற என்ன?” என்று சிரித்துவிட்டு ஒரு ஷாலோடு போய்விட்டார்.

மற்றவர் எட்மண்ட்.

அவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஈரம். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஆள், துணிக்கடைக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

“அண்ணே, என் வைஃப் ஜெனிவீவுக்கு ஹார்ட்ல வால்வு மாத்தணுமாம். செஞ்சுடுங்கன்னு டாக்டர் சொல்றார். ரிஸ்க்கும் இருக்குங்கறார். நீங்க சொல்லுங்க, செய்யலாமா?”

“நான் பந்து ஆட்டம் சொல்றவன், எட்மண்ட்.”

“நாலுக்கு நாலு, அண்ணே. ஃபாதர்கிட்டகூட நான் இதக் கேக்கல.”

கடைக்குள் நுழைகிறவர் மனதில் ஒரு விலையோடுதான் நுழைவார். எட்மண்டின் முகம் முழுக்கப் பயம். அவர் வாங்க வந்ததை எடுத்துக் கொடுத்தேன். “வேண்டாம். கத்தி படாம இருந்தா நல்லா இருப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா பலிக்காது.” அவர் போனதும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

இரண்டு நாள் கழித்து மகள் கேட்லின் வந்தாள். கல்யாணமாகி பூன் லேயில் இருப்பவள். பந்து விஷயத்தை மட்டும் அப்பா சொல்லியிருந்தார்.

“அங்கிள், ஐ டோண்ட் பிலீவ் திஸ் ஸ்டஃப். ஆனா அம்மாவுக்கு ஆபரேஷன் செஞ்சா பொழச்சுப்பாங்களா?”

“பொழச்சுப்பாங்கம்மா. உடனே செஞ்சுடுங்க. அப்பாகிட்டகூட இதச் சொல்லாதே.”

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஒரே வீட்டில் இரண்டு பேர் கேட்டால் ஒரே பதிலைச் சொல்லக்கூடாது. பொய்த்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

எட்மண்டின் தெம்பனிஸ் வீட்டில் மூன்று வாரம் சண்டை நடந்ததாம். இருவர் கையிலும் என் வாக்கு இருந்தது. இருவராலும் அதை மற்றவர் முன்னால் வெளியே எடுக்க முடியவில்லை. கடைசியில் ஜெனிவீவ் கணவர் பக்கம் சாய்ந்தார். தவக்காலத்தில் ஒரு காலை, காப்பி கலக்கும்போது விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கப் பூசையை நீங்கள்தானே நடத்தினீர்கள். அவருக்குக் கட்டிய வெள்ளைச் சேலை என் கடையில் எடுத்தது. அதற்கு நான் விலை ஏற்றவில்லை.

அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சவப்பெட்டி வைத்திருந்த இடத்தில் கேட்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஈரம். “நீங்க மட்டும்தான் கரெக்டா சொன்னீங்க, அங்கிள். அப்பாதான் கொன்னுட்டார்.” எட்மண்ட் என்னைத் தூண் ஓரமாக இழுத்துப்போய்க் காதில் சொன்னார்: “நான்தான் தப்புப் பண்ணிட்டேன், அண்ணே. நீங்க சொன்னத ஜெனிவீவ்கிட்ட உளறிட்டேன். அதான் பலிக்கல.”

நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் எதிர்வாதம் செய்வது மரியாதை இல்லை.

போன வாரம் கேட்லின் வந்தாள். அப்பாவைப் போய்ப் பார்க்கலாமா என்றாள். இந்த வருடம் அவர் முகத்தில் விழிக்காதே, அவருக்கு ஆகாது என்றேன். மறுநாள் எட்மண்ட் வந்தார். கிறிஸ்மஸுக்குள் மகள் தானாக வீட்டு வாசலுக்கு வருவாள் என்று சொல்லி அனுப்பினேன். இதிலும் டிரா கிடையாது, ஃபாதர். ஒன்று பலித்தே தீரும்.

ஆக, ஜெனிவீவ் விஷயத்தில் நான் சொன்னது இரண்டு. அப்பாவிடம் சொன்னது பொய்த்தது, மகளிடம் சொன்னது நின்றது. சரிக்குச் சரி. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் இன்றைக்கும் வருகிறார்கள். குறைந்தவர் ஜெனிவீவ் ஒருவர்தான். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.