பார்க்காமல் விட்ட வால் எண்

மாலை மணி நாலேகால். இரண்டாயிரத்து இருபத்துமூன்று, டிசம்பர் பதினாலு, வியாழக்கிழமை. இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலை. குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும்... இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி. ஒரு வண்டி இல்லை. அந்தச் சாலையில் நம்ம எழிலின் பெரியப்பா தயாளன் தனியாக நடந்துபோகிறார். சேலையூர்க்காரர். வயது அறுபத்தெட்டு. கோட் பையில் ஒரு விரல் நீளத்துக்கு இரும்புப் பின். அதன் நுனியில் வெளுத்துப்போன சிவப்பு நாடா.

கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். பிரணவ், அந்த செல்போன் லைட்டை அணை. கீதா, இடையில் சிரிக்காதே. வரிசையாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

தயாளன் விமானப்படையில் இருபது வருடம் தரையில் வேலை பார்த்தவர். விமானம் நிற்கும்போது சக்கரக் கால் மடங்கிவிடக் கூடாது என்று அதில் ஒரு பின் செருகி வைத்திருப்பார்கள். கிளம்பும்போது தரையாள் அதை உருவி, விமானிக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். விமானி கட்டைவிரலை உயர்த்துவான். போவான். திரும்பி வந்ததும் அதே ஆள் அதே பின்னைச் செருகுவான். அப்போதுதான் அந்தப் பறப்பு முடிந்த கணக்கு. அனுப்பினவன்தான் வாங்க வேண்டும். இது அவர்கள் பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த விமானத்தில் கை வைப்பதற்கு முன்பும் அதன் வாலில் இருக்கும் எண்ணைப் படித்துவிட வேண்டும். வரிசையில் நிற்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும் இல்லையா, அதற்காக.

எண்பத்தொன்பது பிப்ரவரி. வடக்கே ஏதோ ஒரு தளம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்தவன் அச்சுதன். அனகாபுத்தூர் பையன், இருபத்திரண்டு வயது. அந்த இடத்தில் தமிழ் பேச அவனுக்குத் தயாளனை விட்டால் ஆள் இல்லை. தயாளனுக்கும் அப்படித்தான். அன்றைக்கு நாலு நாற்பதுக்குத் தனியாகப் பறக்கக் கிளம்பினான். ஐந்து நாற்பதுக்கு வர வேண்டும். ஏறும்போது சொன்னான்:

"அண்ணா, நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க. டீ ஒண்ணா குடிக்கலாம்."

ஐந்து நாற்பது ஆனது... ஆறு... ஏழு. தயாளன் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்திலேயே நின்றார். பதினொரு மணிக்கு அதிகாரி வந்து, போய்த் தூங்கு என்றார். தயாளனும் போய்விட்டார். விமானம் கிடைக்கவில்லை. பையனும் கிடைக்கவில்லை. பின்னை யாரும் கேட்கவில்லை, அவரிடமே தங்கிவிட்டது.

அவர் பெண்சாதி ரோஸி இருந்தவரை இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு சேலையூர் வீட்டில் அவரும் கடிகாரமும்தான். மகள் ஈவ்லின் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டாள். அங்கேயும் மகளும் மருமகனும் காலையில் போனால் இரவுதான் வருவார்கள். அதனால் பஸ் பிடித்து ஒவ்வொரு விமான அருங்காட்சியகமாகப் போக ஆரம்பித்தார். போகிற ஒவ்வொரு தடவையும் இதுதான். ஜெர்மனியில் ஒன்று, ஹாலந்தில் ஒன்று, எல்லாம் சேர்த்துப் பத்து ஆகிவிட்டது. மற்றவர்கள் விமானத்தின் மூக்கோடு போட்டோ எடுப்பார்கள். இவர் அடியில் குனிந்து சக்கரக் காலைப் பார்ப்பார்.

"ஊர்ல அவனவன் அப்பா அரண்மனை பாக்குறாரு, என் அப்பா டயர் பாக்குறாரு" என்பாள் ஈவ்லின்.

அந்த வியாழக்கிழமை போனது பதினொன்றாவது. பழைய ஓடுபாதை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. மெழுகு வாசனை, பழைய ரப்பர் வாசனை. உள்ளே வேறு ஆள் இல்லை. வாசலில் டிக்கெட் கொடுக்கிற கிழவர் மட்டும். கடைசி மூலையில் நின்றது... அதே ரக விமானம். முப்பத்துநாலு வருடம் கழித்துப் பார்க்கிறார்.

கயிற்றைத் தாண்டிப் போய்க் குனிந்தார். சக்கரக் காலில் பின் செருகும் துளை காலியாக இருந்தது. கை தானாகப் பைக்குள் போயிற்று. இருபது வருடத்தில் ஒருநாள்கூடத் தவறாதவர், அன்றைக்கு வால் எண்ணைப் பார்க்கவில்லை.

செருகினார். 'டிக்' என்று உட்கார்ந்தது.

"வாங்கிட்டேன்" என்றார். பின்னைச் செருகினதும் அப்படிச் சொல்வது பழைய வழக்கம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மேலே... டிக். டிக்... டிக். பறந்து வந்த எஞ்சின் சூடு ஆறும்போது கேட்கிற சத்தம். வருஷக்கணக்காகப் பறக்காத விமானம் அது. தகட்டில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே வரும்போது வாசல் கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டு "குட் நைட்" என்றார். தயாளன் தாண்டிப் போன பிறகும் கதவை விடவில்லை. ஒரு ஆள் நடக்கிற நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு தடவை... "குட் நைட்."

ஜனவரியில் சேலையூர் வந்தார். எழில் பார்க்கப் போனபோது முகமே வேறாக இருந்ததாம். "அச்சு வந்துட்டான்டா" என்றாராம். மேஜையில் இரண்டு டம்ளர் டீ. உள்ளறைப் பக்கம் திரும்பி, "தம்பி, டீ ஆறுது" என்று கூப்பிட்டார். தனிமை ஆளை ஒரு வழி பண்ணிவிட்டது என்றுதான் எழில் நினைத்தான். ஆனால் உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. கனமான பூட்ஸ் நாலு அடி நடந்து நின்றது. டீயில் ஆடை படிந்ததே தவிர, யாரும் எடுக்கவில்லை.

பிப்ரவரியில் போனால், மனிதர் உள்ளேயே இல்லை. வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"அச்சு சிகரெட் தொட்டதில்லடா. உள்ள ஒரே சிகரெட் நாத்தம்" என்றார், மெல்ல. "தமிழ்ல கேட்டா பதில் இல்ல. ராத்திரி பூரா வேற பாஷையில ஏதோ ஒரு பேரைக் கூப்ட்டுகினே கீறான். நான் நம்பர் பாக்கலடா, எழிலு. அது எவனோ அனுப்பி வெச்ச ப்ளேனு. அவனுக்காக எவனோ நின்னுகினு இருந்திருப்பான். நான் வாங்கிட்டேன்."

"அப்ப அச்சுதன்?" என்று எழில் கேட்டிருக்கிறான். அவர் கேட்டைப் பார்த்தார்.

"இனிமே அவன் வந்தா, வெக்கறதுக்கு என் கையில பின் இல்ல."

ஈவ்லின் லீவு போட்டு அந்த அருங்காட்சியகத்துக்குப் போனாள், பின்னைத் திரும்ப வாங்கி அனுப்பலாம் என்று. அந்தக் கிழவரே டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தாராம். பின் இல்லை. துளையும் இல்லை. விமானத்தைக் காட்சிக்கு வைத்த அன்றைக்கே அதை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார்களாம்.

போன சனிக்கிழமை எழிலோடு நானும் போயிருந்தேன். சாயங்கால வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கேட்டைத் தாண்டித் தெரு முனை வரைக்கும் தெரிகிறது, ஒரு ஆள் இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது.

கேட் கொக்கி லேசாக ஆடியது. வெளிப்பக்கம், யாரோ விரலால் தட்டுகிற மாதிரி. பிறகு ஒரு வாலிபப் பையன் குரல், மரியாதையாக...

"அண்ணா... இருக்கீங்களா?"

தயாளன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. இருக்கேன் என்று சொல்லிவிட்டால் வாங்க வேண்டும். வாங்கப் பின் இல்லை. தினமும் இப்படித்தான் வருகிறானாம். தினமும் பதில் இல்லாமல் போய்விடுகிறானாம்.

"அண்ணா..."

அன்றைக்குப் பதில் வந்தது.

எங்களுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து. அத்தனை நாளும் ஒரு வார்த்தை தமிழ் பேசாதது... எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, தயாளன் குரலிலேயே சொன்னது.

"தம்பி... டீ... ஆறுது."

கேட் கொக்கி தானாகத் தூக்கிக்கொண்டது.