இறுதிச் சடங்கில் வந்த ரீஸ்டார்ட்

"...ஒரு நாளா ரெண்டு நாளாம்மா? நவம்பர்லேர்ந்து! காலையில வந்ததோட தொலையலாம்ல, நான் சும்மாதானே உக்காந்திருக்கேன். விடாது. சரியா மத்தியானம் ரெண்டு மணி. சவப்பெட்டிய நடுவுல வச்சாச்சு, பாஸ்டர் தொண்டையக் கனைச்சாச்சு, அப்பத்தான் வரும், திரையில இவ்ளோ பெரிய நீலக் கட்டம். 'அப்டேட் முடிய ரீஸ்டார்ட் பண்ணணும். இப்பவா? பிறகா?' யாரைப் பண்ணச் சொல்றான்? செத்தவரையா?"

ஆர்விட் ஹால்வர்சன் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பொரிந்துகொண்டிருந்தார். மினசோட்டாவில் அந்தச் சின்ன ஊருக்கு இருக்கிற ஒரே இறுதிச் சடங்கு மண்டபம் அவருடையது. கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த லோரெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மணி பதினொன்றரை. இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பழைய இசை வாத்தியாருக்குச் சடங்கு. அவர் படங்களும் பாட்டும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன.

"போன வாரம் ஓலே பிரெக்கேங்கறவருக்குச் சடங்கு நடந்துது. திரையில அவர் படம், ஏரியில புடிச்ச மீனோட. மீன் மூஞ்சி மேல வந்து நிக்குது நீலக் கட்டம்! அவர் சம்சாரம் என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உயிரோட இருந்தப்பவே நாப்பது வருஷம் சோபாவ விட்டு எந்திரிக்கல, இப்ப எந்திரிக்கவா போறாரு'ன்னுச்சு. சர்ச்சுப் பொம்பளைங்க ஹாம் சாண்ட்விச் தட்டோட குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க. சாவு வீட்டுல! எங்கப்பா காலத்துல இப்படி ஒருத்தர் சிரிச்சதுண்டா? அதுல வேற, இதைச் செஞ்ச கம்பெனிக்காரனுக்கு போன் பண்ணா, அங்க ஒரு மிஷின் பேசுது. என் கோபம் அதுக்குப் புரியுதாம்... என்ன, என்ன கேக்கறீங்க? நானா? நான் ஒண்ணும் பண்ணலம்மா. காலையில பத்து மணிக்கு காப்பியோட உக்காருவேன், அந்தக் கட்டம் நிக்கும், 'நாலு மணி நேரம் கழிச்சு ஞாபகப்படுத்து'ன்னு அழுத்துவேன். தெனமும். மரியாதையாத்தான் அழுத்துறேன்."

லோரெட்டா அந்தக் கட்டத்தைத் திரையில் திறந்து, 'நாலு மணி நேரம்' என்ற வரியின் மேல் விரலை வைத்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

"என்ன? பத்து... பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு..." அவர் விரல் நான்காவதில் நின்றது. "ஓ."

லோரெட்டாவின் கை மவுஸுக்குப் போனது.

"சரி, அப்படியே இருக்கட்டும். நான் சொன்ன நேரத்துக்குத்தான் வருது. அதுக்காக... இருங்க, இருங்க! கைய எடுங்க! ரீஸ்டார்ட் வேணாம். வேற ஏதாவது வழி... வேற வழி இல்லையா? இல்லம்மா, விஷயம் என்னன்னா, அணைச்சுப் போட்டா பாஸ்வேர்ட் கேக்கும். அது எனக்குத் தெரியாது. என் தங்கச்சி சிக்னிக்குத்தான் தெரியும். இந்தச் சனியனெல்லாம் அவதான் பாத்துக்கிட்டா. அக்டோபர்ல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. அன்னையிலேர்ந்து இதை அணைக்கவே இல்ல. எதுக்குப் போனாளா? போர்டுக்கு! வாசல்ல 'ஹால்வர்சனும் மகனும்'னு அப்பா வச்ச போர்டு. புதுசா எழுதறப்ப 'என் பேரும் போடு'ன்னா. இடமில்லைன்னேன். நெசமாவே இடமில்லம்மா. பதினஞ்சு வருஷமா சாவு வீட்டுக்காரங்க கைய அவதான் புடிச்சுக்கிட்டா, அது சரி, நான் இல்லேங்கல. ஆனா போர்டுல... கீழ கொஞ்சம் இருந்துச்சு. தாராளமா இருந்துச்சு. அந்த இடத்துல ஒரு பூ வரையச் சொன்னேன்."

லோரெட்டா அவரையே பார்த்தாள். மேசை மேல் இருந்த போனை அவர் பக்கம் தள்ளிவிட்டு ரீஸ்டார்ட்டை அழுத்தினாள். திரை கறுத்தது.

"ஐயையோ..." போனை எடுத்தார். இரண்டு முறை எண் தப்பாகப் போனது.

"சிக்னியா? நான்தான். இல்லல்ல, நம்மள்ல யாரும் சாகல. ஒரு பாஸ்வேர்ட்... இல்ல, அதுக்காக மட்டும் கூப்பிடல. சரி, அதுக்காகத்தான் கூப்பிட்டேன். ரெண்டு மணிக்கு மிஸ்டர் டோலஃப்சன் சடங்கு... ஆமா, உனக்கு கிளாரினெட் சொல்லிக் குடுத்தாரே, அவரேதான். போன்ல சொல்ல மாட்டியா? நீயே வந்து டைப் அடிக்கிறியா? போர்டா... ஆமா, பாத்தியா அதை? பூ நல்லாவே இல்ல, எனக்கும் தெரியும். பெயிண்டரை வரச் சொல்றேன். மொதல்ல நீ வா. வழுக்குது, பாத்து ஓட்டு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "கேட்டீங்களா, வராளாம். இப்பவும் பிடிவாதத்தைப் பாருங்க, யாரு மாதிரின்னு..."

நாற்காலி காலியாக இருந்தது. வெளியே லோரெட்டாவின் வண்டி பனிச் சேற்றில் திரும்பிக்கொண்டிருந்தது. திரையில் அப்டேட் பன்னிரண்டு சதவீதம்.

ஆர்விட் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. உப்பு வாளியை எடுத்துக்கொண்டு போய், தங்கை வண்டி நிறுத்துகிற பக்கவாசல் படியில் உறைந்திருந்த பனி கரைந்து வழுக்காமலிருக்கக் கை கையாக வாரித் தூவினார்.