குழி தூங்குது

டீ நன்றாக இருக்கிறது ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் வெறும் வெந்நீர்தான் கிடைக்கும் என்று எங்கள் ஆட்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம். அதனால்தான் என்னைப்போல ஒருத்தன் தேவைப்படுகிறான்.

நான் தர்மராஜ். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் மேஸ்திரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான். வெடி வைக்கிற இடத்தில் மேஸ்திரி பொய் சொன்னால் ஆளுக்குக் கைகால் மிஞ்சாது. "தர்மராஜண்ணன் சொன்னா சரிதான்" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கறிச்சோறு தின்றமாதிரி இருக்கும்.

இந்த வருஷம் ஆடியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. சிமெண்ட் கம்பெனி சொந்தமாகக் கல் எடுக்கப்போகிறது, நம் குவாரியை மூடிவிடுவார்கள் என்று. அதே சமயம் எறையூர் சர்க்கரை ஆலைக்கு ஆள் எடுத்தார்கள். பாதிப் பேர் அங்கே கிளம்பத் தயாராகிவிட்டார்கள். கல் சுமக்கிற ரெங்கம்மாள் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. இருக்கவா, போவவா?"

"மொதலாளி இருக்குறவரைக்கும் நமக்கு வேலை இருக்கும் தாயி. போயி வேலையப் பாரு."

சிரித்துக்கொண்டே போனாள். மற்றவர்களும் தங்கிவிட்டார்கள். பொங்கலுக்குள் குவாரியை மூடிவிட்டு முதலாளி திருச்சிக்குப் போகிறார் என்று அப்போதே எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருந்தார். ஆனால் நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்கள். வேலை ஜோராக நடந்தது. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் கல் உடைக்கிற அமாவாசை பாட்டுப் பாடுவான், ரெங்கம்மாள் அவனைக் கேலி பண்ணுவாள். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க யாருக்கு மனசு வரும்?

ஐப்பசியில் சவரிராஜ் புது சூப்பர்வைசராக வந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். கிணறு வெட்டுகிறவர்களோடு பல வருஷம் வெடி வைத்தவர், தொழில் தெரிந்தவர். தங்கமான மனுஷன் ஐயா, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வந்த அன்றைக்கே டீக்கடையில் என் தோளில் கை போட்டுக்கொண்டு கிணற்றுக் கதையெல்லாம் சொன்னார்.

"வெடி வெடிச்சு அடங்கினதும் 'குழி தூங்குது'ன்னு ஒருத்தன் கத்துவான் மேஸ்திரி. அதக் கேட்டப்புறந்தான் ஆளு உள்ள எறங்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெடித்தொழிலில் அபசகுனமான வார்த்தை வாயில் வரக்கூடாது அல்லவா? அதனால் வெடிக்காமல் நின்றுபோன குழியைத்தான் நாங்கள் 'தூங்குது' என்போம். எப்போது வேண்டுமானாலும் முழித்துக்கொள்ளும், கிட்டே போகாதே என்று அர்த்தம். ஒரே வார்த்தை, அங்கே இறங்கு, இங்கே ஓடு. சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் அவருக்கு பஸ் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிவச்சு உள்ளதச் சொல்லிடுவோம். எறையூர்ல இன்னும் ஆளு எடுக்குறாங்க. இப்ப போனாக்கூட கெடைக்கும். ஒங்களுக்கு ஆடியிலயே தெரியுமாமே, மொதலாளி சொன்னாரு. ஏன் மேஸ்திரி மறைச்சீங்க? பாவமில்லையா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வருத்தமாகக் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை ரெங்கம்மாள் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். நாக்குதான் ஐயா மேஸ்திரிக்குச் சொத்து. அது போனால் அப்புறம் யார் அவர்களுக்குத் தைரியம் சொல்வது? "சரிங்க சார்" என்றேன்.

அன்று மத்தியானம் வெடி வைத்தோம். அவர் ஆபீஸ் கொட்டகையில் இருந்தார். நாங்கள் தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சத்தத்தை எண்ணினோம். ஒன்று குறைந்தது. மேற்குக் குழி வெடிக்கவில்லை. எல்லாரும் அசையாமல் இருந்தார்கள், நான் சொல்லாமல் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். சவரிராஜ் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன மேஸ்திரி, எறங்கலாமா?"

"மேக்கால குழி தூங்குது சார்."

"அப்ப சரி" என்று ஒரு கடப்பாறையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தார். நான் சொன்னது சுத்தமான உண்மை. எங்கள் ஆள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரெங்கம்மாள் மட்டும் பாதி எழுந்துவிட்டாள். "அண்ணே, அவரு நேரா அங்கதானே போறாரு? நம்ம பேச்சு அவருக்குத் தெரியுமா?"

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"தெரியும் தாயி. நீ உக்காரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழி முழித்துக்கொண்டது.

ரெங்கம்மாள் உங்களிடம் வந்து சொன்னதெல்லாம் சரிதான், அவளை மிரட்டாதீர்கள். நல்ல பிள்ளை. அன்று சாயங்காலமே குவாரியைப் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எறையூரிலும் ஆள் எடுத்து முடித்துவிட்டார்களாம். பாவம், அமாவாசைதான் என்ன செய்கிறானோ.

அவளிடம் சொன்னது மட்டும் பொய்தானே என்கிறீர்கள். ஆமாம் ஐயா, அது பொய்தான். 'தூங்குது' என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் சொன்னேன், திரும்பி வரக்கூடாது என்றுதான் அனுப்பினேன். ஆனால் அவள் கத்தியிருந்தால் அத்தனை பேரும் பதறியிருப்பார்கள். ஆட்களைப் பதறவிடாமல் வைத்துக்கொள்வதுதானே ஐயா மேஸ்திரி வேலை.