டீ தானாகக் கொட்டவில்லை

பெயர்: சான்றிதழில் உள்ள என் பெயர் இத்துடன் இணைத்திருக்கும் அடையாள அட்டை நகலில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. 'டப்பா மெக்கானிக்' என்று கேட்டால் வாயிற்காவலரே கையோடு கூட்டி வந்து விட்டுவிடுவார். வயது: அறுபத்து மூன்று. தொழில்: பழைய கணிப்பொறிகளைப் பழுது பார்ப்பது. முகவரி: மூன்றாவது பிளாக், தரைத்தளம், மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையும் அதை ஒட்டிய வீடும்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவியுடன் வசித்து வருகிறேன். மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமானது. அங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்து வருகிறேன். சங்கத்தின் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துகிறவர் சங்கத்தின் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. கை தவறிச் சேதமானால் ஒன்றும் இல்லை. ஆகவே சங்கத்தின் கணிப்பொறி மேல் டீ கொட்டியதா, ஊற்றப்பட்டதா என்பது ஒன்றே இந்தப் புகாரில் தீர வேண்டிய கேள்வி. கடந்த செவ்வாய்க்கிழமை இதே காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் "டீ கொட்டிவிட்டது" என்று சொல்லியிருந்தேன். அது பொய். இன்று சொல்வதே உண்மை.

எங்கள் குடியிருப்பின் பொது அறையில் தினமும் காலை எட்டரை மணிக்கு வயதானவர்கள் பதினாறு பேர் கூடி, தொலைக்காட்சித் திரையில் ஓடும் உடற்பயிற்சி வீடியோவைப் பார்த்துப் பயிற்சி செய்வது வழக்கம். அதை ஓட்டுவதற்கு ஒரு கணிப்பொறி உண்டு. யாரோ வேண்டாம் என்று குப்பையோடு வைத்துவிட்டுப் போனதை நான் எடுத்து வந்து உயிர் கொடுத்தேன். அதற்கு வீடியோ ஓட்டுகிற வயதில்லை. அப்படிப்பட்ட கணிப்பொறிக்கு இரண்டே வழிதான். ஒன்று, நேரத்தைப் பிடிப்பதற்காக நடுநடுவே படங்களை விட்டுவிட்டு ஓடும். அப்போது திரையில் கையைத் தூக்கும் அம்மாள் அடுத்த கணம் தரையில் உட்கார்ந்திருப்பார், எப்போது உட்கார்ந்தார் என்று தெரியாது. இன்னொன்று, ஒரு படத்தையும் விடாமல், நேரம் ஆனால் ஆகட்டும் என்று மெதுவாக ஓடும். நான் இரண்டாவது வழியில் வைத்தேன். இருபத்திரண்டு நிமிட வீடியோ எங்கள் பொது அறையில் நாற்பது நிமிடம் ஓடியது. குரலும் சேர்ந்து இழுத்து, அந்த அம்மாளின் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதால் சத்தத்தை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு என் மனைவியே பக்கத்தில் நின்று "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கினாள். ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது. ஒருவருக்கும் ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லை.

புகார் கொடுத்திருக்கும் சங்கச் செயலாளர் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சினன். பதவிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் புதிதாக வாங்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன வாரம் பொது அறைக்குப் புதிய கணிப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பழையதை என் அறை வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். "உங்க டப்பாவை நீங்களே வெச்சுக்கோங்க மாமா" என்று வேறு சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு நான் எதையும் ஊற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் புதிய கணிப்பொறியில் வீடியோ அதன் உண்மையான வேகத்தில் ஓடியது. அந்த அம்மாளின் நிஜக் குரலை நாங்கள் எல்லோரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். கீச்சுக் குரல். "விடாதீங்க, விடாதீங்க, இன்னும் வேகமா!" என்று அது கத்தியது. மச்சினன் முதல் ஆளாக, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்தபடி பயிற்சி செய்தார். பின்னால் இருந்த பதினாறு பேரும் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. மூன்றாம் நிமிடத்தில் தையல்கார அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவிக்கு எண்ணுகிற வேலையும் போனதால் அவளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை.

நான் மச்சினனிடம் போய் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் குனிந்து நிமிர்ந்துகொண்டே, "இதுதான் மாமா சரியான வேகம். இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் தப்பா பண்ணியிருக்கீங்க" என்றார். நானே குறைத்துவிடலாம் என்று போனால் கடவுச்சொல் கேட்டது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. "ஸ்விட்சை அணைச்சிருக்கலாமே?" என்று உதவி ஆய்வாளர் அம்மா இப்போது கேட்கிறார். அணைத்தால் அவர் திரும்பப் போடுவார் என்பது என் பதில்.

அதன் பிறகு பக்கவாட்டு மேசையில் இருந்த டீயை எடுத்துப் புதிய கணிப்பொறியின் மேல் உள்ள காற்றுத் துவாரத்தில் ஊற்றினேன். எழுத்தர் இந்த இடத்தில் முதலில் "கவிழ்ந்தது" என்று எழுதினார். நான் சொன்னதன் பேரில் அது அடிக்கப்பட்டு "ஊற்றினேன்" என்று திருத்தப்பட்டது. அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அன்று அங்கே எல்லோரிடமும் "ஐயோ, கை தவறிடுச்சு" என்று சொன்னேன். என் மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் நம்பினாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். மச்சினன் நம்பவில்லை. அவர் மறுநாள் இங்கே புகார் கொடுத்தார், நானும் மேலே சொன்ன பொய் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். தொலைக்காட்சிக்கு மேலே கண்காணிப்புக் கேமரா ஒன்று அறை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் பிறகுதான் ஞாபகம் வந்தது. மச்சினன் பதிவை வாங்கிவிட்டார். ஆனால் அதைத் திறக்கிற வசதி அவருடைய கைப்பேசியில் இல்லை. திறக்கக்கூடிய கணிப்பொறிக்குள் டீ இருந்தது.

ஆகவே இன்று காலை பதினொரு மணிக்கு என்னையும் மச்சினனையும் இங்கே வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவியும் கூட வந்தாள். பதிவை நிலையத்தின் கணிப்பொறியில் போட்டார்கள். அது எங்கள் பழையதைவிடவும் மூத்தது. திரையில் மொத்தம் மூன்று படம்தான் வந்தது. முதல் படத்தில் நான் மேசை அருகில் சும்மா நிற்கிறேன். இரண்டாவதில் என் கையில் டம்ளர் இருக்கிறது. மூன்றாவதில் டம்ளர் தலைகீழாக இருக்கிறது, நான் தலையில் கை வைத்திருக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லை.

உதவி ஆய்வாளர் அம்மா இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஊத்தின மாதிரி ஒண்ணுமே தெரியலையே. கை தவறினவர் மாதிரிதான் பதறி நிக்கிறார். நீங்க வீட்டுக்குப் போங்க ஐயா" என்றார். மச்சினன் முகம் தொங்கிவிட்டது. நான் எழுந்து கும்பிட்டேன். என் மனைவி பையை எடுத்துக்கொண்டாள். நான் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன்.

அப்போது எழுத்தர் யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "இந்த டப்பாவுல வீடியோ ஓட்ட எவனாலயும் முடியாதுங்க" என்றார்.

நான் நின்றுவிட்டேன். என் மனைவி, "ஏங்க, வாங்க போலாம்" என்று சொல்லி என் கையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலின் தடம் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். "ஒரே நிமிஷம்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து எழுத்தரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டப்பா என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

முதலில் பின்னால் திறந்து கிடந்த ஒன்பது வேலைகளை மூடினேன். அதில் ஒன்று எழுத்தர் பாதியில் விட்டிருந்த சீட்டாட்டம். அவர் ஜெயிக்கிற நிலையில் இருந்ததாகச் சொன்னார், வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அதன் பிறகு திரையின் பின்னணியில் இருந்த அருவிப் படத்தை எடுத்தேன். வைரஸ் இருக்கிறதா என்று போன மாதத்திலிருந்து தேடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தினேன். மூடியைக் கழற்றிக் காற்றாடியில் அடைந்திருந்த தூசியை ஊதினேன், அது உதவி ஆய்வாளர் அம்மாவின் மேசை மேல் போய் விழுந்தது. வீடியோவைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். கடைசியாக, நேரம் ஆனால் ஆகட்டும், ஒரு படத்தையும் விடாதே என்று வைத்தேன். எங்கள் பொது அறையில் வைத்த அதே முறைதான். ஓடியது.

எப்படி ஓடியது என்றால், வெண்ணெய் மாதிரி ஓடியது. பதினொரு நொடியில் நான் செய்த காரியம் ஒன்றரை நிமிடம் ஓடியது. தீப்பெட்டியைப் பார்ப்பதற்காக நாங்கள் ஐந்து பேரும் குனிந்ததில் தலைகள் முட்டிக்கொண்டன. நான் இடது பக்கம் பார்ப்பதும், பிறகு வலது பக்கம் பார்ப்பதும் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு ஒரு டம்ளரை எடுத்து, மோந்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, வேறொரு டம்ளரை எடுப்பதும் தெரிந்தது. ஏன் மாற்றினேன் என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். முதல் டம்ளர் தையல்கார அக்காவுடையது, அதில் ஏலக்காயும் சர்க்கரையும் உண்டு, சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனால் மதர்போர்டு பிழைக்காது, என்னுடையது சர்க்கரை இல்லாத டீ, காயவைத்துத் துடைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று தொழில் முறைப்படி விளக்கினேன். "அதையும் எழுதிக்கோங்க" என்று அவர் எழுத்தரிடம் சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

அதன் பிறகு ஊற்றுவது வந்தது. மிக நிதானமாக வந்தது. என் முகத்தில் சிரிப்பு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு பல்லாக வெளியே வந்தது. முழுதாக வந்த பிறகுதான் கையைத் தலையில் வைத்துப் பதற ஆரம்பித்தேன். என் மனைவி, "கல்யாண ஃபோட்டோவுலகூட இப்படிச் சிரிக்கலையே நீங்க" என்றாள். அவளிடம் பொய் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது.

மச்சினன் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குதிக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க மாமா" என்றார். போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, படத்தின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டாவது வரிசையில் அவருடைய அக்கா, அதாவது என் மனைவி, வீடியோ அம்மாள் உடம்பைத் திருப்பச் சொன்னபோது முழங்கால் மடங்கி, சுவரைப் பிடிக்கக் கையை நீட்டுகிறாள். சுவர் எட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். அதன் பிறகு தையல்கார அக்காவின் நாற்காலி கைக்குக் கிடைக்கிறது. மூன்று படமாக ஓடியபோது இது எதுவும் அதில் இல்லை. அன்று நேரில் நடந்தபோது நிஜத்தில் இரண்டு நொடிகூட இருக்காது. அவளுக்கு முன்னால் அவள் தம்பி ஜம்மென்று கையை வீசிக்கொண்டிருக்கிறார்.

"ஏன்க்கா சொல்லல?" என்று மச்சினன் கேட்டார்.

"நீ திரும்பவே இல்லையேடா" என்றாள் என் மனைவி.

அவர் கையை நீட்டி அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு என்னிடம், "நாளைக்குக் காலையில அந்த டப்பாவை..." என்று ஆரம்பித்து, எழுத்தரைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து மாட்டிடுங்க மாமா. அக்காவே எண்ணட்டும்" என்றார். புகாரை வாபஸ் வாங்குவதாகவும் உதவி ஆய்வாளர் அம்மாவிடம் சொன்னார். வாபஸ் வாங்குவதென்றால் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றும், நான் ஏற்கெனவே பொய் வாக்குமூலம் கொடுத்திருப்பதால் உண்மையானது பதிவாகியே தீர வேண்டும் என்றும், மேற்கொண்டு மேலதிகாரி முடிவு செய்வார் என்றும் அந்த அம்மா சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

புதிய கணிப்பொறியை நானே கழற்றித் துடைத்துச் சரிசெய்து தருகிறேன். இது நீதிமன்றம் வரை போய், அங்கே உள்ள கணிப்பொறியும் பழையதாக இருந்து, இந்த வீடியோ ஓடவில்லை என்றால், எனக்கு எதிரான சாட்சியம் என்று பார்க்காமல் நானே வந்து ஓட்டிக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

மேலே கண்டதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு வரியும் விடாமல் மெதுவாகவே படித்தார். எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் நடந்ததுதான். இன்று இந்த நிலையத்தில் எழுதுகிற பேனா இது ஒன்றே என்பதாலும், வாபஸ் மனுவுக்கு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு மச்சினன் அரைமணி நேரமாக என் பக்கத்தில் காத்திருப்பதாலும், இத்துடன் முடித்துக்கொண்டு, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுக்கிறேன்.

(ஒப்பம்)