கனகசெட்டிக்குளத்துப் படகு

சுற்றுலாக் கையேட்டில் நான் ஒரு பொய் எழுதினேன். கனகசெட்டிக்குளம் கடற்கரையில் கிடக்கும் உடைந்த படகில் சேர்ந்து உட்காரும் ஜோடி பிரியாது, அது பிரெஞ்சுக்காரர் கால நம்பிக்கை என்று. அப்படியொரு நம்பிக்கை இருந்ததே இல்லை. ஆனாலும் கூட்டம் வந்தது, படகருகே மீன் வறுவல் கடையும் வந்தது. வயதான பிறகு மனம் உறுத்தியதால், அது வெறும் கற்பனை என்று செய்தித்தாளுக்கு எழுதினேன். என் பெயரைப் போட மட்டும் துணிவில்லை.

போன வாரம் டவுன் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அந்தப் படகுல உக்காந்துதான் நானும் எங்க வூட்டுக்காரரும் தெனம் சண்ட போடுறோம்."

"பிரியல இல்ல?"

"அது சரிதான்."

"பொய்யின்னு பேப்பர்ல போட்டுட்டாங்களேக்கா, உன் வறுவல் கடை என்னாவறது?"

"நானும் பயந்துதான் போனேன். இப்ப முன்னவிட கூட்டம். பொய் சொன்ன ஆளு யாருன்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்க மாமனாருன்னு சொல்லிட்டேன். அவரும் படகுல உக்காந்துகினு போட்டோவுக்குச் சிரிக்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஒரு தட்டு வறுவல் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று, அந்தப் பொய்யரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.