மடியில் ஒரு பிராசஸர்

ஜார்ஜ் டவுனில் ஏறிய பேருந்தில், என் முன்னிருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை ஒரு சின்ன டப்பாவை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“பஸ்ஸு குலுங்குனா பிராசஸருக்கு அடியில இருக்குற ஊசி மாதிரி பின்னு வளைஞ்சிரும்க்கா. அப்புறம் கம்ப்யூட்டரே அசெம்பிள் பண்ண முடியாது. பயமா இருக்கு.”

“கேம் ஆடத்தானே? புதுசா நல்லதா வாங்கிருக்கலாம்லா.”

“நம்ம மானிட்டர் பழசு, படம் அவ்வளவு தெளிவா தெரியாது. அதுக்கு இந்த செகண்ட்ஹேண்டே போதும்.”

“ஃபேக்டரில தினமும் எத்தனை சிப்பு தொடுறே! இதுக்குப் போயி நடுங்குறியே?”

“அது கம்பெனி சாமான்க்கா. இது என்னோடது.”

பேருந்து சட்டென்று பிரேக் போட்டது. டப்பா கீழே விழுந்தது. தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டாள். அக்காதான் குனிந்து எடுத்து, திறந்து, பின்களை வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

“எல்லாம் நேராத்தான் இருக்கு.”

“நெசமாவா?”

“நெசமா. இனி நானே வச்சிக்கிறேன்,” என்றாள் அக்கா. இப்போது அவள்தான் டப்பாவை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.