குண்டுவின் முன்னங்கால்கள்

எல்லோரும் சௌக்கியமா? முட்டி வலி, இடுப்பு வலியெல்லாம் தேவலையா? நம் வயதில் எலும்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்திதான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகன் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தான். பெரிய ஜாதி. இரண்டு மாதக் குட்டிக்கே பாதம் என் உள்ளங்கை அகலம். குண்டு என்று பேர் வைத்தார்கள்.

நாய் டாக்டர் வந்து தூக்கிப் பார்த்தார்.

"ஒரு வயசுல உங்க எடையைத் தாண்டிடும்மா. ஆசையா தாவிச்சுன்னா நீங்க அந்தச் செவுத்துல போய் ஒட்டிக்குவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அக்கா குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, பதினோரு மாதம் படுக்கையில் கிடந்துதான் போனாள். கடைசியில் ஒரு வாய் தண்ணீருக்குக்கூட யாராவது வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

டாக்டர் செருப்பைப் போட்டபடி மகனிடம் சொன்னார்: "இந்த மாதிரி குட்டிக்குன்னு தனித் தீனி இருக்கு, அளந்து போடுங்க. பாசத்துல கால்சியம் கீல்சியம் கொடுத்துடாதீங்க. அதிகமானதை வெளிய தள்ள இந்த உடம்புக்குத் தெரியாது. எலும்பு கோணிக்கும்."

எனக்குக் காது மந்தம் என்று வீட்டில் நினைப்பு. நன்றாகவே கேட்டது.

என் எலும்பு சல்லடையாகிவிட்டதென்று எனக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கால்சியம் மாத்திரை உண்டு. மறுநாளே ஒன்றை நுணுக்கிக் குண்டுவின் தட்டில் கலந்தேன். சமையலறையில் நிற்கும்போது பின்னால் அதன் நகம் தரையில் கீறினால் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். ஒரு நாள் முன்னங்காலைத் தூக்கி என் இடுப்பில் வைத்தது. அன்றிலிருந்து இரண்டு மாத்திரையும் அதற்குத்தான். தீனியும் கூட இரண்டு கை போட்டேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. விஷமா வைத்தேன்? எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதானே.

காலி அட்டையைப் பார்த்து மருமகள், "பரவாயில்லையே அத்தை, ஒண்ணுகூட விடாம சாப்பிடறீங்களே!" என்றாள்.

ஆறாம் மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்தன. எழுந்து நிற்கும்போதெல்லாம் முனகும். படியேற முடியாது. மகன் அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதான்.

"நான் எங்கம்மா தப்பு பண்ணேன்?"

"உன் மேல தப்பே இல்லடா கண்ணா," என்றேன். அது உண்மைதான்.

அந்த வலியிலும் குண்டு என்னிடம்தான் நகர்ந்து நகர்ந்து வரும். சோறு போடுகிற கை இல்லையா. என் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். இப்போது எங்களுக்குள் பயமே கிடையாது.

மகனுக்குத்தான் மனசு ஆறவில்லை. இன்னொரு குட்டிக்குச் சொல்லிவிட்டான். இதைவிடப் பெரிய ஜாதியாம். இந்த முறை தீனியை அவனே அளந்து போட்டு, மிச்சத்தைப் பூட்டிவிட்டுப் போவானாம். குட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நான் மாத்திரை சாப்பிட்டே நாலு மாதமாகிறது. முன்னைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவள் நான்.

பெரிய குட்டி வளர்த்தவர்கள் உங்கள் வீட்டில் நடந்ததைக் கட்டாயம் எழுதுங்கள். எத்தனையாவது மாதத்தில் அது ஆள்மேல் தாவ ஆரம்பிக்கும்? எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.